மீசை முந்தும், நிதானம் பிந்தும்

முழுப்பரீட்சை லீவு முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஒன்பதாம் வகுப்பு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஏப்ரலில் பார்த்த பையன்கள் சிலரைக் காணோம்; அவர்கள் பெயரில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருடத்துப் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. குரல் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு முறை மாறுகிறது. வீட்டில் இதை முதலில் காட்டிக்கொடுப்பது செருப்புதான்: ஆறு மாதத்துக்குள் இரண்டாவது ஜோடி. வளர்ச்சி வேகமெடுக்கும்போது முதலில் நீள்வது பாதமும் கையும். அப்புறம் கால். முதுகும் மார்பும் கடைசியில்தான் வந்து சேரும். அதுவரை பிள்ளை கொஞ்ச காலம் வேறு யாருடைய கைகால்களையோ இரவல் வாங்கியதுபோல நடமாடும்.

"ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரலையே" என்று சொல்வதற்கு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒரு சித்தப்பா இருக்கிறார். உடலியல்படி பார்த்தால் அவர் கவனித்தது சரிதான். அதைக் குறையாகச் சொல்வதில்தான் பிசகு. பெரியவராவது ஒரு நாளில் நடப்பதில்லை, ஒரே வேகத்திலும் நடப்பதில்லை. எலும்புக்கு ஒரு நாட்காட்டி, இனப்பெருக்க உறுப்புகளுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று, நிதானத்துக்கு ஒன்று. பத்து வயதில் தொடங்கும் இந்த வேலை இருபதுகளின் நடுவில்தான் ஓரளவு அடங்குகிறது. நாமோ கண்ணுக்குத் தெரியும் ஒன்றை மட்டும் வைத்து, அதாவது உயரத்தையும் மீசையையும் வைத்து, மற்ற எல்லாம் முடிந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறோம்.

இதன் முதல் அசைவை யாரும் பார்க்க முடியாது. அது இரவில், பிள்ளை தூங்கும்போது நடக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதி விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அது மூளையின் அடியிலேயே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்ட, பிட்யூட்டரி சினைப்பையையும் விரைகளையும் தட்டுகிறது. பிறந்த முதல் சில மாதங்களில் இதே சங்கிலி ஒருமுறை வேலை செய்துவிட்டு, பிறகு பல வருடம் அடங்கிக் கிடந்தது என்பது பலருக்கும் தெரியாது. அதாவது பருவமாற்றம் புதிதாக எதையும் கட்டுவதில்லை, தூங்கியதை எழுப்புகிறது. எழுப்புவதில் முக்கியப் பங்கு கிஸ்பெப்டின் என்ற ஒரு பொருளுக்கு உண்டு. 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரத்தில் புற்றுநோய் பரவலை ஆராய்ந்தவர்கள் இதற்கான மரபணுவைக் கண்டார்கள். அந்த ஊரில் தயாராகும் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டை நினைத்துப் பெயர் வைத்தார்கள். 2003இல்தான், இதை உணர்ந்துகொள்ளும் ஏற்பியில் கோளாறு உள்ளவர்களுக்குப் பருவமாற்றமே தொடங்குவதில்லை என்று தெரியவந்தது. சாக்லேட் பெயர் பொருத்தமாகிப் போனது தற்செயல்.

எழுப்புவதற்கு முன் உடல் தன் இருப்பையும் பார்த்துக்கொள்கிறது. உடல் கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், 'சேமிப்பு போதும்' என்ற தகவலை மூளைக்குக் கொண்டுபோகிறது. மிகவும் மெலிந்த பிள்ளைகளுக்கும் கடும் பயிற்சி எடுக்கும் விளையாட்டு வீராங்கனைகளுக்கும் பருவம் தள்ளிப்போவது இதனால்தான். வட ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெண்கள் 16, 17 வயதில் பூப்பெய்தினார்கள். இன்று உலகின் பெரும்பகுதியில் அது 12, 13. சாப்பாடு கூடியதும் தொற்றுநோய் குறைந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். 'பிராய்லர் கோழி தின்றுதான் இப்படி' என்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, அந்தக் கோழி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்த வயது இறங்க ஆரம்பித்துவிட்டது.

பருவமாற்றத்தின் படிகளை இன்றும் மருத்துவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுகிறார்கள். ஜேம்ஸ் டேனர் என்ற ஆங்கிலேய மருத்துவர் வகுத்தது அது. லண்டனுக்கு வடக்கே ஹார்பெண்டனில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளை 1948 முதல் வருடக்கணக்கில் அளந்து, படமெடுத்து, 1969இல் பெண்களுக்கும் 1970இல் ஆண்களுக்குமான விவரங்களை மார்ஷல் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் அது இயல்புதான் என்று மருத்துவம் சொல்கிறது. ஐந்து வருட இடைவெளி! ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பன்னிரண்டு வயதுக்காரர்களில் ஒருவர் பாதி வழி வந்திருப்பார். இன்னொருவர் புறப்பட்டே இருக்கமாட்டார். எதிர் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது எந்த வயதிலும் அபத்தம், இந்த வயதில் இரட்டை அபத்தம்.

நம் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெண் வயசுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு. யாழ்ப்பாணத்தில் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் சீர், உளுந்தங்களி, நல்லெண்ணெய், பந்தல், இப்போது ட்ரோன் கேமரா. ஊருக்கு அன்றுதான் அவள் பெரியவளாகிறாள். உடலின் கணக்கோ வேறு. மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வருகிறது. உயரம் வேகமாகக் கூடும் கட்டமும் அதற்குள் தாண்டிப் போயிருக்கும். பெரும்பாலான பெண்கள் அதற்குப் பிறகு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான் வளர்கிறார்கள். 'இனிமே அதிகம் உசர மாட்டா' என்று பாட்டி சொல்வது சரி. ஆனால் 'எல்லாம் ஆயிற்று' என்று அடுத்து நினைப்பதுதான் தவறு. முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் ஒழுங்காக வராது; பல சுழற்சிகளில் கருமுட்டையே வெளிவராது. இடுப்பெலும்பு இன்னும் விரிய வேண்டியிருக்கும். ஆக சடங்கு நடப்பது உடல் வளர்ச்சியின் பின்பாதியில், மன வளர்ச்சியின் முன்பாதியில். இரண்டையும் ஒரே பந்தலில் முடித்துவிடுகிறோம்.

இந்த வயதில் இரும்புச்சத்தும் சேர்ந்து அடிவாங்குகிறது. ரத்தத்தின் அளவும் தசையும் கூடுவதால் தேவை ஏறுகிறது. பெண்களுக்கு மாதந்தோறும் இழப்பு வேறு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களிலும் 31 சதவீதம். வகுப்பில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற மாத்திரை இதற்காகத்தான். வாயில் போடுவதுபோல் போட்டு ஜன்னல் வழியே எறிந்தவர்களில் நானும் ஒருவர் என்பதால் இதற்குமேல் உபதேசம் செய்ய எனக்கு அருகதையில்லை.

பையன்களுக்குப் பந்தலும் இல்லை, களியும் இல்லை, விளக்கமும் இல்லை. அவர்களுக்கு உயர வேகம் சுமார் இரண்டு வருடம் பிந்தி வருகிறது. பெண்களுக்கு உயர வேகம் உச்சத்துக்கு வருவது ஏறத்தாழ 12 வயதில். ஆண்களுக்கு 14இல், அதுவும் வருடத்துக்கு ஒன்பது, பத்து சென்டிமீட்டர் வரை. ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரமாக இருப்பதற்கு முக்கியக் காரணமே இந்தத் தாமதம்தான்: வேகம் எடுப்பதற்கு முன் இரண்டு வருடம் கூடுதலாகச் சாதாரண வேகத்தில் வளரக் கிடைக்கிறது. ஏழாம் வகுப்பில் பெண்கள் குனிந்து பேச வேண்டியிருந்த பையன்கள் பத்தாம் வகுப்பில் அண்ணாந்து பார்க்க வைப்பது இப்படித்தான்.

குரல் உடைவதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று உண்டு: மகரக்கட்டு. பாய்ஸ் கம்பெனி நாடகக்குழுக்களில் சிறுவர்கள்தான் பெண் வேடமும் போட்டுப் பாடினார்கள். மகரக்கட்டு வந்துவிட்டால் அந்த வேடம் போச்சு, பாட்டும் போகலாம். ஒரு பையனின் பிழைப்பே குரல்வளைக் குருத்தெலும்பில் தொங்கிய காலம் அது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அந்தக் குருத்தெலும்பைப் பெரிதாக்குகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இசைமேதை பாஹ் நடத்திய தேவாலயப் பாடகர் குழுவின் பழைய பதிவேடுகளைப் பார்த்தவர்கள், 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே சிறுவர்களுக்குக் குரல் உடைந்தது ஏறக்குறைய 17 வயதில் என்று கணக்கிட்டார்கள். இன்று 13, 14. மாதவிடாய் வயது இறங்கியதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டிய தகவல் இது.

யாரிடமும் சொல்லாமல் பையன்கள் மறுகும் ஒன்றும் இருக்கிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த வயதில் மார்பில் லேசான வீக்கம் வரும். ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் தங்களுக்குள் சமநிலைக்கு வரும்வரை இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே போய்விடும். விளையாட்டு வகுப்பில் சட்டையைக் கழற்ற மறுக்கும் பையனை முரட்டுப் பிடிவாதக்காரன் என்று நினைக்கிறோம். அவனுக்கு யாராவது இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

ஈஸ்ட்ரோஜனைப் பெண் ஹார்மோன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். எலும்பைப் பொறுத்தவரை அது இருபாலருக்கும் பொது. எலும்புகளின் முனையில் இருக்கும் வளர்தட்டுகளை மூடி 'போதும்' என்று சொல்வது ஆண்களிலும் ஈஸ்ட்ரோஜன்தான். 1994இல் மருத்துவ இதழொன்றில் ஒரு மனிதரைப் பற்றிய குறிப்பு வந்தது. வயது 28. உயரம் 204 சென்டிமீட்டர். இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்புகளுக்கு வயது 15. அவர் உடலில் ஈஸ்ட்ரோஜன் இருந்தது, அதை உணரும் ஏற்பி மட்டும் பழுது. அதுவரை டெஸ்டோஸ்டிரோன்தான் ஆணின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று நினைத்திருந்தார்கள். வளர்தட்டு மூடிய பிறகு எந்தப் பவுடரும் ஒரு சென்டிமீட்டர்கூட உயர்த்தாது. கல்லூரி மாணவர்களைக் குறிவைத்து வரும் 'உயரம் கூட்டும்' விளம்பரங்களுக்கு இதற்குமேல் இடம் ஒதுக்க வேண்டாம். எலும்பின் கனமும் உறுதியும் மட்டும் இருபதுகளின் பிற்பகுதிவரை கூடும். அதற்குப் பவுடர் டப்பாவைவிடப் பந்துக்குப் பின்னால் ஓடுவது உதவும்.

சரி, உடல் இப்படி. மேலே?

1990கள் வரை, மூளை வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது என்பதே பொது நம்பிக்கை. எட்டு, பத்து வயதுக்குள் மூளை பெரும்பாலும் தன் முழுப் பருமனை எட்டிவிடுவதால் வந்த நினைப்பு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்பவரின் குழு, அதே பிள்ளைகளை வளர வளரத் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்தது. 1999இல் வந்த முடிவு: முன்மூளையின் சாம்பல் பகுதி 11, 12 வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்குகிறது. குறைவது கெடுதல் இல்லை. குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுவைக்கிறது. பயன்படாதவை களையப்படுகின்றன, பயன்படுபவை உறையிடப்பட்டு வேகமெடுக்கின்றன. நாற்று நெருக்கமாக விட்டுப் பிறகு கலைத்துவிடும் வேலை. இந்த வேலை பின்மண்டையில், பார்வை பார்க்கும் பகுதியில் முதலில் முடிந்து, நெற்றிக்குப் பின்னால் கடைசியாக வருகிறது. திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, பின்விளைவை எடைபோடுவது எல்லாம் அந்தக் கடைசி இடத்துச் சமாச்சாரங்கள்.

ஆனால் ஆசை, பரபரப்பு, பரிசுக்கான துடிப்பு ஆகியவற்றை ஓட்டும் உள்மூளைப் பகுதிகள் அவ்வளவு காத்திருப்பதில்லை. பருவ ஹார்மோன்கள் வந்ததும் அவை கூர்மையாகிவிடுகின்றன. பத்தில் கிடைத்த ஆக்ஸிலரேட்டருக்கு இருபத்தைந்தில் பிரேக் என்று இதைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அந்த உவமையில் முழுத் திருப்தி இல்லை. ஏனென்றால் பிரேக் இல்லாமல் இல்லை. அமைதியாக உட்கார்ந்து யோசிக்கச் சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளை பெரியவர்களுக்குச் சமமாகவே தர்க்கம் பேசும். பல வீடுகளில் அப்பாவைவிட நன்றாகவே பேசும். வேடிக்கை பார்க்க நண்பர்கள் வந்ததும்தான் கதை மாறுகிறது. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டைக் கொடுத்தார்கள். தனியாக ஆடும்போது பதின்வயதினரும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு துணிச்சல் காட்டினார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினரின் துணிச்சல் எகிறியது; கல்லூரி வயதினருக்கு அதைவிடக் குறைவாகக் கூடியது; 24 வயதைத் தாண்டியவர்களுக்கு மாற்றமே இல்லை. பின்னால் வந்த ஆய்வில், நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும் என்று ஆனது. மூளையின் பரிசுப் பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன.

ஒரே பைக்கில் மூன்று பேராகப் போகும் பையனை, அவன் அம்மா "தனியா போனா எவ்வளவு நிதானமா ஓட்டுவான் தெரியுமா" என்று ஆதரித்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அம்மா பொய் சொல்லவில்லை. தனியாகப் போகும்போது அவன் நிதானமாகத்தான் ஓட்டுகிறான்.

மூளை 25 வயதில் முழுமையடைகிறது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண்ணை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். பிறந்தநாள் கேக் வெட்டியதும் மூடும் கதவு எதுவும் அங்கே இல்லை. மாற்றத்தின் வேகம் மெல்லத் தணிகிறது, ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஏராளம். 2025 நவம்பரில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், கைக்குழந்தை முதல் 90 வயது வரையிலான கிட்டத்தட்ட 4,000 பேரின் மூளை இணைப்புகளை ஒப்பிட்டு, அமைப்பு மாறும் திருப்பங்கள் 9, 32, 66, 83 வயதுகளை ஒட்டி வருகின்றன என்றார்கள். உடனே 'வாலிபம் 32 வரை' என்று செய்தி போட்டார்கள். சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் நம் பழைய பாட்டியல் நூல்கள் இதில் முந்திக்கொண்டவை போலிருக்கிறது: பதினாறு வயதுக்குப் பெயர் காளை, அதன்பின் முப்பதுவரை விடலை என்று ஒரு வகுப்பு உண்டு. இன்று விடலை என்ற சொல்லைப் பதினைந்து வயதுப் பையனுக்குச் சுருக்கிவிட்டோம்.

தூக்கத்துக்கு வருவோம், தமிழ்நாட்டுப் பெற்றோர் அதிகம் சண்டை போடுவது இதற்குத்தான். பருவமாற்றத்தின்போது, தூக்க நேரம் வந்ததை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சுரக்கும் நேரம் இரவில் ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் 1970களிலிருந்து பிள்ளைகளை வைத்துச் செய்த தூக்க ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: வயது கூடினாலும் தூக்கத்தின் தேவை குறைவதில்லை, ஒன்பது மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. இந்தத் தள்ளிப்போதல் இருபது வயதை ஒட்டி உச்சத்துக்கு வந்து, பிறகு பின்வாங்கத் தொடங்குகிறது. இளமைப் பருவம் முடிந்ததற்கு உடல் தரும் அடையாளம் என்று இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க் 2004இல் எழுதினார். கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டு, 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளை 8.30க்கு முன் திறக்கக்கூடாது என்றது. நம் பிளஸ் டூ பிள்ளையோ நாலரை மணிக்கு எழுந்து படித்து, ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் போய், இரவு பத்துக்குக் கோச்சிங் முடிந்து வருகிறது. அதிகாலையில் படித்தால் மனதில் பதியும் என்பது நாற்பது வயது அப்பாவுக்கு உண்மையாக இருக்கலாம். பதினேழு வயது உடலுக்கு அது நடுராத்திரி. செல்போனும் தன் பங்குக்குக் கெடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செல்போன் இல்லாத காலத்துப் பிள்ளைகளிடமே இந்த மாற்றத்தை முதலில் அளந்தார்கள்.

உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது 'புயல்' என்ற சொல் தவறாமல் வரும். 1904இல் ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் பருவத்தை அப்படி வர்ணித்ததிலிருந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் பெரும்பாலான பிள்ளைகள் பெரிய புயல் எதுவும் இல்லாமல் கடந்துவிடுகிறார்கள். சண்டைகள் உண்டு, அவை பெரும்பாலும் குளிக்காதது, துணியை மடிக்காதது, ரிமோட் யார் கையில் என்பது போன்றவை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வாழ்நாளில் மனநலச் சிக்கலுக்கு ஆளாகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது என்று 2005இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வு சொன்னது. எரிச்சல் நாள்கணக்கில் இருந்தால் அது வயசுக் கோளாறு. சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், பிடித்த விளையாட்டு எல்லாமே வாரக்கணக்கில் விலகிப்போனால் அது வேறு. அப்போது 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பதினெட்டுக்குப் பிறகு உடல் அடங்க, கேள்விகள் உள்ளே போகின்றன. நான் யார், என்ன வேலை, யாரோடு வாழ்க்கை. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000இல் 18 முதல் 25 வரையிலான வருடங்களைத் தனிப் பருவமாகவே பிரித்தார்: பதின்வயதும் இல்லை, முழுப் பெரியவரும் இல்லை, எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் காலம். இதைப் படிக்கும்போது எனக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பத்தொன்பது வயதில் பஸ் ஏறுகிறவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். சோதித்துப் பார்க்க அவகாசம் வேண்டும், அவகாசத்துக்கு யாராவது சோறு போட வேண்டும். அப்பா கட்டணம் கட்டும் பொறியியல் மாணவருக்கு இருபத்தைந்துவரை அந்தப் பருவம் நீள்கிறது. அதே வயதில் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது வரவே இல்லை. மூளையின் நாட்காட்டி இருவருக்கும் ஒன்றுதான், அதைச் செலவழிக்கும் வசதி ஒன்றில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பும் பையன் சீக்கிரம் பொறுப்பாகிவிட்டான் என்று மெச்சுகிறோம். அவன் பொறுப்பாகத்தான் இருக்கிறான். அது நிதானம் வளர்ந்து வந்த பொறுப்பா, வேறு வழியில்லாமல் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சட்டமும் ஒரே வயதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு 16. ஓட்டுக்கு 18; அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் வரும்வரை அது 21ஆக இருந்தது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. சட்டமன்றத்துக்கு நிற்க 25. சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று வருடம்வரை சிறை என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. குற்றம் என்று வரும்போது இழுபறி இன்னும் அதிகம். 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்றது. இளையோரின் மனம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று. இந்தியாவோ 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு எதிர்த்திசையில் நகர்ந்து, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில், கொடுங்குற்றம் செய்த 16–18 வயதினரைப் பெரியவர்களாக விசாரிக்க வழி வைத்தது. அதற்குமுன் அவர்களின் மன முதிர்ச்சியை இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்த மதிப்பீட்டை எப்படிச் செய்வார்கள் என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம். அமைதியான அறையில் கேள்வி கேட்டால் பதினாறு வயது பெரியவரைப் போலத்தானே பதில் சொல்லும்?

முதிர்ச்சி இருக்கட்டும், வயதையே உறுதி செய்வது லேசில்லை. எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று வளர்தட்டுகள் வரிசையாக மூடிவரும்; கழுத்துக்குக் கீழே காறை எலும்பின் உள்முனை இருபதுகளில்தான் ஒட்டும், எல்லாவற்றிலும் கடைசி அது. ஆனாலும் முன்னே பின்னே இரண்டு வருடம் பிசகலாம் என்பதை நீதிமன்றங்களே ஏற்றுக்கொள்கின்றன. ஆள் 17ஆ 19ஆ என்று எலும்பு அடித்துச் சொல்லாது. அதனால் சட்டம் எலும்பைக் கடைசியில்தான் கேட்கிறது. முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ வேண்டும். அதில் இருக்கும் தேதியோ, கொஞ்சம் முந்தைய தலைமுறை வீடுகளில், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று தலைமை ஆசிரியர் பிள்ளையின் உயரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவராக எழுதியது.